வடக்கின் பெண்ணிய, இலக்கிய ஆவணங்கள்: நூல்களுக்கு வெளியே கிடப்பவற்றை எப்படிக் காப்பது?

#1 கோவைக்கட்டு

நூலகம் நிறுவனம் 2005 முதல் செய்துவரும் வேலையால் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பெருமளவு இணையத்துக்கு வந்துவிட்டன. 1986 இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ போன்ற பெண்களின் கவிதைத் தொகுப்பை இனி யாரும் தேடி அலையத் தேவையில்லை. ஆனால் அப்படியொரு தொகுப்பைச் சுற்றி இருந்த தாள்கள் எங்கே? கவிதைகளைத் தெரிவுசெய்த கூட்டக் குறிப்பு, அச்சகத்துக்குக் கொடுத்த கைப்பிரதி, விற்பனைக் கணக்கு, வாசித்துவிட்டு வந்த கடிதங்கள் என்று எத்தனையோ இருந்திருக்கும். 1984 இல் கைதுகளை எதிர்த்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டது பற்றி நூல்களில் பந்திகள் இருக்கின்றன. அதன் துண்டுப்பிரசுரமும் மகஜரும் எத்தனை பேரின் அலுமாரிக்குள் கிடக்கின்றன?

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை எல்லோரும் சொல்வோம். அதற்குப் பிறகு நடந்த இழப்புக்கு ஒரு நாளோ ஒரு கட்டிடமோ அடையாளமாக இல்லை. 1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் வீடுகளில் இருந்தவை, 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது விடப்பட்டவை, 2009 வரை வன்னியில் ஊர் ஊராகத் தூக்கிச் சென்று கடைசியில் கைவிட்டவை. இவற்றில் பெண்களின் தாள்கள்தான் முதலில் போயின. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்த கை, சங்கக் கூட்டக் கொப்பியை எடுத்திருக்காது.

ஆகவே இந்த இழையில் பேச வேண்டியது நடைமுறை. ஒரு வீட்டிலிருந்து இரண்டு பெட்டி தாள்கள் கிடைத்தால் முதல் வேலை என்ன, எது பழுதாகும், யாருடைய பெயரைப் போடலாம், யாருடையதைப் போடக்கூடாது? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 தாள்_பராமரிப்பு

முதல் வேலை, பெட்டியைத் திறந்து அடுக்காமல் இருப்பது. வந்தபடியே படம் எடுங்கள்: மூடிய பெட்டி, திறந்த பெட்டி, ஒவ்வொரு கோவையும் எடுக்க எடுக்க ஒவ்வொரு படம். எந்தத் தாள் எதற்கு மேல் இருந்தது என்பதே ஒரு தகவல். திகதியில்லாத ஒரு துண்டுப்பிரசுரம் 1988 ஆம் ஆண்டுக் கடிதங்களுக்கு நடுவே இருந்தால் அதன் காலத்துக்கு அதுதான் முதல் சான்று. “கவிதை தனி, கடிதம் தனி, கணக்கு தனி” என்று வகைபிரித்து அடுக்கியவுடன் அந்தச் சான்று போய்விடும். திரும்ப எடுக்க வழியில்லை.

அடுத்தது ஈரமும் பூச்சியும். போர்க்காலத்தில் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, றங்குப்பெட்டிக்குள் வைத்தவை கனக்க. அடைத்த பைக்குள் ஈரக்காற்று சிக்கிக்கொள்ளும். இரவில் தகரம் குளிர்ந்தால் அந்த ஈரம் தாளில் இறங்கும். இப்படித்தான் பூஞ்சணம் பிடிக்கிறது, மினுக்கு மட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு வசதி. யாழ்ப்பாணத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை அது அன்றாட நிலைமை. சிறிய ஈரப்பதன்மானி ஒன்றை அறையில் வைத்து, காலையும் மாலையும் எழுதி வாருங்கள்.

பூஞ்சணம் கண்டால் வெயிலில் காயவைக்காதீர்கள். வீடுகளில் புத்தகத்தை வெயிலில் விரிப்பது வழக்கம்தான், ஆனால் செய்தித்தாள் வகைத் தாளில் உள்ள லிக்னின் என்ற மரச்சத்து ஒளிபட்டால் விரைவில் மஞ்சளாகி நொறுங்கும். நிழலில், மின்விசிறிக் காற்று நேரே படாமல், விரித்து உலரவிட வேண்டும். முற்றாகக் காய்ந்த பிறகுதான் மென்மையான தூரிகையால் துடைக்கலாம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சணம் தாளின் நாருக்குள் ஏறும். முகக்கவசம் கட்டாயம், அதுவும் என்95 தரம். மற்றப் பெட்டிகள் இருக்கும் அறையில் இதைச் செய்யவே கூடாது.

இராமபாணப் பூச்சியோ புத்தகப் புழுவோ உயிரோடு இருந்தால் உறைய வைப்பதுதான் வழி. தாளைச் சுற்றி, பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மறை 20 பாகை செல்சியசில் ஒரு வாரம். வீட்டு உறைபெட்டி அந்தக் குளிருக்குப் போகாது என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக்கூடாது. 24 மணிநேரம் அப்படியே விடுங்கள். இல்லாவிட்டால் அறையின் ஈரம் குளிர்ந்த தாளில் நீராகப் படியும். படங்கள், படச்சுருள், ஒலிநாடா இருந்தால் அவற்றை முன்பே வேறாக்குங்கள். பூச்சியுருண்டை பூச்சியைத் துரத்துமே தவிர முட்டையைக் கொல்லாது, அதன் ஆவி வேலைசெய்பவருக்கும் நல்லதல்ல. காய்ந்த வேப்பிலையைத் தாளுக்கிடையில் நேரே வைத்தால் கறை படியும்.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்பிள் எதையும் இழுக்காதீர்கள். துருவோடு தாளும் ஒட்டியிருக்கும். ஊசிக்கும் தாளுக்கும் இடையில் மெல்லிய பொலியெஸ்டர் கீலம் ஒன்றைச் செருகி, பின்பக்கம் கால்களை நிமிர்த்தி, மேலே தூக்க வேண்டும். எடுத்த பிறகு புதிய கிளிப் போடாமல், அமிலமற்ற தாளை மடித்து உள்ளே வையுங்கள். செலோரேப் வேண்டாம், லமினேற் வேண்டவே வேண்டாம்: லமினேற் செய்த தாளை மீட்பது அநேகமாக நடக்காத காரியம். கிழிசலை யப்பானிய மென்தாளும் கோதுமை மாப்பசையும் கொண்டு ஒட்டலாம், பழகியவர் இல்லையென்றால் கிழிசலை அப்படியே விட்டு உறையில் வைப்பதே மேல்.

#3 ஈயஎழுத்து

அக்கா சொன்னதோடு, எதை முதலில் ஸ்கான் செய்வது என்பதற்கு அச்சு முறையைப் பாருங்கள். 80களின் அமைப்புத் தாள்கள் பெரும்பாலும் ரோனியோ, அதாவது மெழுகுத்தாளில் தட்டச்சுச் செய்து அதனூடாக மை தள்ளிப் படியெடுத்தவை. அதன் கறுப்பு மை கரி சேர்ந்தது, நிற்கும்; தாள்தான் நொறுங்கும், குறிப்பாக மடிப்பில். ஊதா நிற ஸ்பிரிட் பிரதி (மதுசாரக் கரைசலால் சாயத்தைத் தாளுக்கு மாற்றி எடுத்தது) இருந்தால் அதுதான் முதலாவது, அந்தச் சாயம் ஒளியில் மங்கிப்போகும். 90களில் வெளிநாட்டுக் கிளைகளோடு பரிமாறிய தொலைநகல் தாளும் அப்படித்தான், வெப்பத்தாள் என்பதால் எழுத்தே மறைந்துவிடும். போட்டோப் பிரதி நிலையானது, ஆனால் பிவிசி பிளாஸ்ரிக் உறையில் போட்டால் எழுத்து உறையில் ஒட்டிக்கொள்ளும். உறை வாங்கினால் பொலியெஸ்டர்.

பொருளாதாரத் தடைக் காலத்து வெளியீடுகளில் பள்ளிக் கொப்பியின் கோடு போட்ட தாளில் அச்சானவை உண்டு. ஸ்கான் மென்பொருள் ‘பின்னணியைச் சுத்தமாக்கு’ என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தக் கோடே ஆவணத்தின் பகுதி, காலத்தைக் காட்டும் சான்று. தாள் அரிதான அந்த ஆண்டுகளில் ஒரு பக்கம் எழுதியதன் மறுபக்கமும் பயன்பட்டது. ஆகவே வெற்றுப் பக்கம் போலத் தெரிந்தாலும் இரு பக்கமும் ஸ்கான் செய்யுங்கள். பிரசுரத்தின் முதுகில் ஒரு நாடகப் பிரதியின் அரைப்பக்கம் இருக்கக்கூடும்.

அளவு: அச்சுப் பக்கத்துக்கு 400 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 400 புள்ளி), நிறத்தில், சுருக்கப்படாத டிஃப் படக்கோப்பு. புகைப்படத்துக்கு 600. ஏ4 பக்கம் ஒன்று 400 டிபிஐயில் ஏறத்தாழ 46 எம்பி வரும். 5,000 பக்கத்துக்கு 230 ஜிபி, மூன்று பிரதி வைத்தால் 700 ஜிபிக்குக் கிட்ட. வட்டு வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். பலர் இடம் போதாமல் நடுவழியில் தரத்தைக் குறைத்துச் சுருக்கும் ஜேபெக்குக்கு மாறுகிறார்கள், பிறகு தொகுப்பின் பாதி ஒரு தரம், மீதி வேறு தரம். தைத்த கட்டுகளைத் தட்டை ஸ்கானரில் அழுத்தினால் முதுகு உடையும். மேலே பொருத்திய கமெரா, இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு, வி வடிவத் தாங்கி போதும். ஒவ்வொரு கோவையின் தொடக்கத்திலும் அளவுகோலும் நிறப்பட்டையும் ஒரு படம்.

எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தை வாசிக்கும் மென்பொருள்) பற்றி ஒரு எச்சரிக்கை. ஈய அச்சில் வந்த பழைய ணை, லை, றா வடிவங்களைப் புதிய அச்சில் பயிற்றிய எழுத்துணரி பிழையாக வாசிக்கும். தமிழ்நாட்டில் 1978 இல் சீர்திருத்தம் வந்த பிறகும் ஈழத்து அச்சகங்களில் பழைய அச்சுகள் கனகாலம் இருந்தன. உணரியின் விடையைத் தேடலுக்கு வைத்துக்கொள்ளலாம், மேற்கோளுக்கு ஒருபோதும் வேண்டாம்.

90களின் பிற்பகுதிக் கணினிக் கோப்புகள் கிடைத்தால் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் பேஜ்மேக்கர் என்ற பக்கவடிவமைப்பு மென்பொருளிலும் இருக்கும். யுனிகோடாக மாற்றிய பிரதியை வைத்துக்கொண்டு மூலக்கோப்பை அழித்துவிடுகிறார்கள். மூலத்தையும், அந்த எழுத்துருக் கோப்பையும், பக்கம் எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு பிடிஎஃப்பையும் சேர்த்தே வையுங்கள். மாற்றிய பிறகு ‘ௌ’ வரும் சொற்களைத் தேடிப் பாருங்கள்: ஒற்றைக் குறியாக இருக்க வேண்டிய இடத்தில் ‘ெ’ உம் ‘ள’ உம் தனித்தனியாக விழுந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது.

#4 திறந்தகதவு

எல்லாம் சரி. ஆனால் ஈரப்பதன்மானியும் யப்பானியத் தாளும் வந்து சேரும்வரை பெட்டிகள் காத்திருக்காது. வைத்திருப்பவர்களுக்கு வயதாகிறது, வீடு விற்கப்படுகிறது, பிள்ளைகள் கனடாவில். கையில் உள்ள தொலைபேசியால் படம் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் குறைந்தது உள்ளடக்கமாவது தப்பும். 1981 கற்பித்தது அதுதானே: ஒரே இடத்தில் இருந்ததால் எரிந்தது. தரம், பட்டியல், அனுமதி என்று பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் கனக்கத் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன.

#5 பட்டியல்_வேலை

தம்பி, படம் எடுக்க வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். தொலைபேசிப் படமும் இல்லாததைவிட மேல். ஏற்றுவதில்தான் வேறுபாடு. படம் எடுப்பதும் வெளியிடுவதும் இரண்டு தனி முடிவுகள். முதலாவதை இன்றே செய்யலாம், இரண்டாவதற்கு ஆட்களைக் கேட்க வேண்டும்.

ஏன் என்பதற்கு வடக்கின் வரலாறே போதும். யாழ் பல்கலைக்கழக விரிவுரையாளரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ‘தோழி’ சஞ்சிகையை நடத்திய கவிஞர் செல்வி 1991 ஓகஸ்ற் 30 அன்று விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார், மீளவில்லை. அந்த ஆண்டுகளில் பெண்கள் புனைபெயரில் எழுதியது அழகுக்காக இல்லை. இன்றும் உயிரோடு இருக்கும், ஊரில் வாழும் ஒருவரின் புனைபெயரை நாங்கள் பட்டியலில் அவிழ்த்துவிட்டால் அவர் நாற்பது ஆண்டு காத்ததை ஒரு தட்டச்சில் கெடுத்தவர்களாவோம். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் வந்தது. இயக்கங்களின் பெண்கள் பிரிவு வெளியீடுகளை வைத்திருந்தவரின் பெயரை ‘கையளித்தவர்’ என்று போடும் முன்னும் இதை நினைக்க வேண்டும்.

வெளியீட்டை நான்கு படியாகப் பிரிப்பது வேலைக்கு உதவும்: எல்லோருக்கும் திறந்தது, வாசிப்பறையில் மட்டும் பார்க்கக்கூடியது, குறித்த ஆண்டுவரை மூடியது, பட்டியல் விபரமே வெளியே தெரியாதது. நான்காவதைப் பலர் மறக்கிறார்கள். ‘இன்னாருக்கு எழுதிய கடிதம், கைது பற்றியது’ என்று தலைப்புப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் படத்தை மட்டும் பூட்டினால் என்ன பயன்? தொலைபேசிப் படம் என்றால் அதற்குள் எடுத்த இடத்தின் ஆள்கூறு பதிந்திருக்கும், வெளியிடும் பிரதியில் அதை நீக்குங்கள். பெயரை மறைக்க பிடிஎஃப்பில் கறுப்புப் பெட்டி வரைந்தால் கீழே எழுத்து அப்படியே கிடக்கும், நகலெடுத்து ஒட்டினால் வெளியே வரும். படக்கோப்பிலேயே மறைத்து, ஒரே அடுக்காக்கி, அதன் பிறகுதான் எழுத்துணரிக்குக் கொடுக்க வேண்டும்.

சட்டப் பக்கம்: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதற்கு மேல் 70 ஆண்டுக்கும். ஆசிரியர் யாரென வெளிப்படாத புனைபெயர்ப் படைப்புக்கு முதல் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு. கடிதத்தில் கவனம் தேவை. தாள் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்தின் உரிமை எழுதியவருக்கு. கடிதக்கட்டைத் தந்தவர் சம்மதித்ததால் மட்டும் வெளியிட முடியாது. கையளிப்பு ஒப்பந்தம் ஒரு பக்கத்தில் அடங்கட்டும், ஆனால் இவை இருக்கட்டும்: தாள் யாருடையது, உரிமை யாருடையது, எந்தப் படியில் திறப்பது, எந்த ஆண்டுவரை, தந்தவர் காலமானால் முடிவெடுப்பவர் யார், மனம் மாறினால் எப்படித் திரும்பப் பெறுவது.

#6 திறந்தகதவு

ஏற்றுக்கொள்கிறேன், எடுப்பதையும் வெளியிடுவதையும் பிரிக்கலாம். ஆனால் ‘மூடியது’ என்று போட்டுவிட்டு திறக்கும் ஆண்டைக் குறிக்காத பழக்கத்தை விட வேண்டும். ஆண்டு இல்லாத பூட்டு, பொறுப்பாக இருந்தவர் விலகியதும் யாருக்கும் திறக்கத் தெரியாத பூட்டாகிவிடும்.

#7 பட்டியல்_வேலை

முழுச் சம்மதம். மூடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆண்டு, அல்லது “இந்த நிகழ்வின் பின் மீளாய்வு” என்றாவது கட்டாயம்.

பெயர் பற்றி எழுத மறந்தது. எங்கள் பெண் எழுத்தாளர்களின் தலைப்பெழுத்து கலியாணத்தோடு தகப்பனிடமிருந்து கணவனுக்கு மாறும். ஒரே ஆள் 1970 இல் ஒரு பெயர், 1980 இல் இன்னொன்று, புலம்பெயர்ந்த பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டலில் மூன்றாவது. ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ப் பதிவு திறந்து, எல்லா வடிவத்தையும், எந்த ஆதாரத்தால் ஒன்றென முடிவுசெய்தோம் என்பதையும் எழுதுங்கள். ஆதாரம் இல்லாமல் இரண்டைச் சேர்க்கவேண்டாம், சேர்த்ததைப் பிரிப்பது மிகக் கடினம். பெண் பெயரில் எழுதிய ஆண்களும் தமிழ்ச் சஞ்சிகைகளில் உண்டு. பெயரை வைத்து ‘பெண் எழுத்தாளர்’ என்று குறிப்பது பிழையில் முடியும்.

சஞ்சிகைகளை இதழ் மட்டத்தில் பட்டியலிட்டால் பெண்கள் மறைந்துவிடுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மங்களம்மாள் மாசிலாமணி 1923 இல் ‘தமிழ் மகள்’ தொடங்கியதைப் போல ஆசிரியராகவே இருந்தவர் தெரிவார். 1966 இல் தொடங்கிய ‘மல்லிகை’ போன்ற இதழின் வாசகர் கடிதத்தில், நூல் விமர்சனத்தில், ஒரேயொரு கவிதையில் வந்துபோன பெண் தெரியமாட்டார். ஆக்கத்துக்கு ஒரு வரி: பெயர், தலைப்பு, வகை, பக்கம். சலிப்பான வேலைதான், ஆனால் இந்த ஒரு வேலைதான் புதிய பெயர்களைக் கொண்டுவருகிறது.

#8 நாடாச்சுருள்

கசெற் பற்றி யாரும் தொடவில்லை. கவியரங்கு, கருத்தரங்கு, வீதிநாடக ஒத்திகை எல்லாம் கசெற்றில் இருக்கின்றன.

போட்டுப் பார்க்கும் முன் பின்விளிம்பில் உள்ள இரு தாவல்களையும் உடைத்துவிடுங்கள், தவறிப் பதிவாகாது. சாளரத்தால் பார்த்து வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் இயந்திரத்தில் போடவே கூடாது. இயந்திரத்தின் ஒலித்தலையிலும் உருளையிலும் ஒட்டி அடுத்த நாடாவுக்கும் போகும். நாடா சரியாக ஓடாமல் ஒலி மந்தமாக இருந்தால் உள்ளே இருக்கும் சிறிய அழுத்தப் பஞ்சு விழுந்திருக்கும். திருகாணி உள்ள வெற்றுக் கூடு ஒன்றுக்கு நாடாவை மாற்றலாம். ஒட்டிய கூடு என்றால் விளிம்பில் மெதுவாகப் பிளக்க வேண்டும்.

பதியும் முன் ஒலித்தலையின் சாய்வை ஒவ்வொரு கசெற்றுக்கும் சீராக்குங்கள். பதிந்த கருவி வேறு, போடும் கருவி வேறு; சாய்வு பொருந்தாவிட்டால் மேல் அலைவரிசைகள் மங்கி ‘ச’ உம் ‘ஸ’ உம் குழம்பும். இதைக் கணினியில் பிறகு சரிசெய்ய முடியாது. 96 கிலோஹேட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத வேவ் ஒலிக்கோப்பு. ஒரு மணிநேர ஸ்ரீரியோவுக்கு 2 ஜிபியைச் சற்றுத் தாண்டும். இரைச்சல் நீக்கிய பிரதி கேட்பதற்கு மட்டும், மூலப் பிரதியில் கைவைக்காதீர்கள்.

எழுத்தாக்கும்போது பேசியபடி எழுதுங்கள். “சொன்னவ”, “போகேல்லை” என்பதை “சொன்னாள்”, “போகவில்லை” என்று திருத்தினால் ஊர், சமூகம், பேசுபவருக்கும் பேசப்படுபவருக்கும் இருந்த மரியாதை எல்லாம் அழிந்துவிடும். புதிதாக வாய்மொழி வரலாறு பதிபவர்கள் சம்மதத்தை இரண்டு முறை கேளுங்கள்: பதியும் முன்பும், எழுத்தாக்கியதை அவரே வாசித்த (அல்லது வாசித்துக் கேட்ட) பிறகும். பேசும்போது தந்த சம்மதம் எழுத்தில் பார்த்ததும் மாறுவது இயல்பு.

#9 கோவைக்கட்டு

பதில்களுக்கு நன்றி. இரண்டு விடயம் சேர்க்கிறேன்.

ஒன்று, ‘வடக்கு’ என்றதும் யாழ் நகரத்து, ஆங்கிலம் படித்த, 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி போன்ற பள்ளிகளின் வழி வந்த பெண்களின் தாள்கள்தான் முதலில் கைக்கு வரும். அவர்களிடம்தான் அலுமாரி இருந்தது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பெண்களுடையதும், சாதியால் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பெண்களுடையதும் மாதர் சங்கப் பதிவேட்டில், கூட்டுறவுக் கணக்கில், ஒலிநாடாவில் இருக்கும். வெளியேற்றப்பட்ட முஸ்லிம் பெண்களின் வடக்கு வரலாற்றை, அவர்கள் போய்க் குடியேறிய புத்தளத்தில் தேட வேண்டும். வந்ததை மட்டும் வாங்கினால் தொகுப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், ஆகவே தேடிப் போகும் இடங்களின் பட்டியலை முதலே எழுதுங்கள்.

மற்றது, இல்லாததையும் பட்டியலில் பதிவது. கவிஞர் சிவரமணி 1991 மே 19 அன்று இறக்கும் முன் தன் கையில் இருந்த கவிதைகளை எரித்தார். இன்று நாம் வாசிப்பவை அச்சில் வந்தவையும் மற்றவர்கள் வைத்திருந்தவையும். அவரது தொகுப்பைப் பட்டியலிடும் யாரும் ஒவ்வொரு கவிதையும் யாரிடமிருந்த எந்தப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதாவிட்டால், கைப்பிரதி ஏதோ எங்கோ இருப்பதாக அடுத்த தலைமுறை நினைக்கும். எரித்தது அவரது முடிவு என்பதும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும்.

#10 தாள்_பராமரிப்பு

இல்லாததைப் பதியும் இந்த வேலையைத் துண்டுப்பிரசுரங்களுக்கும் செய்யலாம். 1885 ஆம் ஆண்டு அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ் அச்சானவை அரசிடம் பதிவாக வேண்டும், ஆகவே நூல் என்றால் கொழும்பு தேசியச் சுவடிகள் திணைக்களத்தில் தேட ஒரு வழியுண்டு. ரோனியோவுக்கு அந்த வழி இல்லை. சஞ்சிகை எதிலாவது ஒரு பிரசுரம் மேற்கோள் காட்டப்பட்டிருந்து மூலம் கிடைக்காவிட்டால், ‘அறியப்பட்டது, பிரதி கிடைக்கவில்லை’ என்று ஒரு பதிவு திறந்து மேற்கோளின் இடத்தைக் குறியுங்கள். எங்கோ ஒருவர் அலுமாரியில் அதை வைத்துக்கொண்டு, யாருக்கும் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

#11 ஈயஎழுத்து

பிரதிகளை வைப்பது பற்றிக் கேட்டு ஒருவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார், எல்லோருக்கும் உதவும் என்பதால் இங்கே. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்றாவது வேறு ஊரில். வடக்குத் தொகுப்பென்றால் ஒன்று நாட்டுக்கு வெளியேயும் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ 256 சரிபார்ப்பெண் (கோப்பு மாறினால் தானும் மாறும் எண்) எடுத்துப் பட்டியலாகச் சேமித்து, ஆண்டுக்கு இருமுறை மூன்று பிரதியையும் அதோடு ஒப்பிடுங்கள். ஒன்றில் எண் மாறியிருந்தால் மற்ற இரண்டிலிருந்து மாற்றுங்கள். கோப்புப் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்: தொகுப்பு, பெட்டி, கோவை, உருப்படி, பக்கம் என்ற ஒழுங்கில், எண்களை முன்சுழியத்தோடு (001 போல). தமிழ்ப் பெயரும் விபரமும் பட்டியலில் இருக்கட்டும். ஸ்கான் முடிந்ததென்று தாளை எறிந்துவிடாதீர்கள். கோட்டுத் தாளின் தடிப்பையும், ஊசித்துளையையும், பின்னால் அழுந்திய பேனைத் தடத்தையும் எந்த டிஃப்பும் முழுதாகத் தராது.